ஓநாயின் நெஞ்சுக்குள் ஒரு கடிதம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டு வயதில், ஓநாய்க்குட்டி வேஷம் கட்டும் ஆசையில், என் குடும்பத்தின் கிரீன் கார்டைக் கிட்டத்தட்டக் கொளுத்தப் பார்த்த முட்டாள் நான்தான். அந்தக் 'கிட்டத்தட்ட'வைக் கொஞ்சம் கவனியுங்கள். நான் இன்றைக்கு நியூஜெர்சியில் சொந்தமாக வீடு வாங்கி, அதன் கூரை ஒழுகுவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பதெல்லாம் அந்த ஒரு சொல்லின் தயவில்.

உங்களுக்கென்ன, நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். தொண்ணூறுகளில் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ ஒரு அங்கிளின் வேனில் அடைந்துகொண்டு பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள். இப்போது மாத்திரை அட்டையின் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறீர்கள். அந்த வேனின் கடைசி சீட்டில் தோளைத் தாண்டித் தொங்கும் தலைமுடியோடு ஒரு பையன் உட்கார்ந்திருப்பானே, அவனைச் சீண்டியவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. இந்தக் கதை அந்த முடியைப் பற்றியதுதான்.

அம்மாவின் வேண்டுதல் அது. அப்பாவின் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப் போட்ட அன்று, அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று பழனி முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள். கார்டு கைக்கு வந்ததும் பழனிக்கு வந்து பையனுக்கு மொட்டை. அதுவரை அவன் தலையில் கத்திரி படாது. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர், தலையைக் கொடுத்தவன் மூன்றாமவன். முடி வளர்ந்த வேகத்தில் மனு நகரவில்லை. இரண்டரை வருடம். உடற்பயிற்சி ஆசிரியர் முதல் நாள் என்னைப் பெண்கள் வரிசையில் நிறுத்தினார். அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிவிடுவாள். நான் பள்ளிப் பேருந்தில் ஏறியதும் பின்னலை அவிழ்த்துவிட்டு ஏதோ இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன் போல முகத்தை வைத்துக்கொள்வேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த நாளில் கார்டு இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரவிடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் வீட்டில் இருந்தது. அதனால் சித்தியின் கல்யாணத்துக்குக்கூட அம்மா போகவில்லை. ஈரோட்டிலிருந்து கல்யாண வீடியோ கேசட் மட்டும் வந்தது. அதுவும் இங்கத்து டெக்கில் ஓடவில்லை; இந்தியக் கேசட் வேறு ரகம், மாற்றிப் பதிய வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் பிரிட்ஜ்வாட்டருக்கு அப்பால் இருந்த மிகச் சின்ன ஊர். ஒரு சிக்னல், ஒரு தீயணைப்பு நிலையம், ஒரு வீடியோ கடை. அந்தக் கடைக்காரரிடம் கேசட் மாற்றும் மெஷின் இருந்தது.

கடைக்குள் நுழைந்தாலே வெண்ணெய்ப் பாப்கார்ன் வாசனையும், கேசட்டைத் திருப்பிச் சுற்றும் கார் வடிவ மெஷினின் 'ர்ர்ர்' சத்தமும் வரும். கடைக்காரர் குண்டாக, கரடி போல தாடி வைத்த அமெரிக்கர். சித்தி கல்யாணத்தை மூன்று மணி நேரமும் பார்த்து முடித்திருந்தார். கேசட்டை நீட்டியபோது அவர் கண் அம்மாவின் மேல் இல்லை, என் தலை மேல் இருந்தது.

"இது நிஜ முடியா?" என்று கேட்டார்.

அவர் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன ஊரில் ஓநாய் மனிதன். ஊருக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் பௌர்ணமியானால் ஓநாயாகிவிடுவார். கடைசியில் ஊர்க்காரர்கள் அவரைக் கட்டிவைத்துக் கொளுத்துவார்கள். தபால்காரராக அவருடைய மைத்துனர். ஓநாய்க்கு ஒரு மகன் வேண்டும், விக் வாங்க வழியில்லை. முழுக் கோடை விடுமுறையும், சனிக்கிழமை தோறும் ஷூட்டிங். அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். ஓநாய் என்பதை 'நாய் மாதிரி ஒண்ணு' என்று லேசாக்கினேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முடிய வெட்ட மாட்டாரல்ல?"

"வெட்ட மாட்டாரும்மா. முடிதான் அவருக்கு வேணுமாம்."

"அப்பச் செரி."

இரண்டரை வருடமாக எனக்குத் தண்டனையாக இருந்த ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. நீங்களே சொல்லுங்கள், விடுவேனா?

எங்கள் ஓநாய் பட்டப்பகலில்தான் திரிந்தது. இரவில் எடுக்க விளக்குகள் இல்லை. மத்தியான வெயிலில் கேமரா முன்னால் ஒரு நீலக் கண்ணாடியைச் செருகினால் ராத்திரியாகிவிடும் என்றார் கடைக்காரர். ஆகவில்லை. நீலமான மத்தியானமாகத்தான் இருந்தது. ராத்திரியில் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

நிலா எங்கள் வீட்டிலிருந்து போனது. அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளம். கறுப்புத் துணி முன்னால் தொங்கவிட்டு டார்ச் அடித்தால் அசல் பௌர்ணமி. ஆனால் அதன் விளிம்பில் 'பெரிய மாமா அன்பளிப்பு' என்று வெட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இன்றும் அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தால், அமெரிக்க வானத்தில் நிலாவின் கீழ் ஓரத்தில் மாமா தெரிகிறார்.

ஓநாய்த் தோல்தான் படத்தின் பெருமை. யாரோ ஒரு பாட்டியம்மாள் போட்டுக் கழித்த ரோமக் கோட்டும் இரண்டு குளியலறை மிதியடிகளும் சேர்த்துத் தைத்தது. உள்ளே சிவப்பு உள்துணி. பாச்சை உருண்டையும் ஈர நாயும் சேர்ந்த ஒரு நாற்றம். எனக்கு வசனம் கிடையாது, உறுமல் மட்டும். கடைக்காரர் என் எண்ணெய்த் தலையைத் தொட்டுப் பார்த்து எந்த ஊர் ஜெல் என்று கேட்டார். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மைத்துனரின் தோளில் நான் ஏறி ஊளையிட்ட காட்சி முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அமெரிக்காவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

அதற்கு அடுத்த வாரம்தான் கடிதம் வந்தது.

பள்ளி விடுமுறையில் தபால் எடுப்பது என் வேலை. நீளமான பழுப்புக் கவர், மூலையில் குடியேற்ற அலுவலகத்தின் பெயர். அதைப் பார்த்ததும் என் காதில் ஒலித்தது, முந்தின நாள் அம்மா போனில் சித்தியிடம் சொன்னதுதான்: "லெட்டர் வந்த மறுநாளே டிக்கெட் போட்டர்றோம், மொதல்ல பழனி, அப்புறம்தான் உன்ற ஊடு."

மறுநாளே டிக்கெட் என்றால் மறு வாரமே மொட்டை. படத்தில் பாதிதான் முடிந்திருந்தது. ஓநாய் மகன் பாதிப் படத்தில் மொட்டைத் தலையோடு, சந்தனம் பூசிக்கொண்டு உறுமுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். கவரை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். திருட்டு இல்லை, வெறும் தாமதம்; கோடை முடிந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம். என் பன்னிரண்டு வயது மூளை இப்படித் தீர்ப்புச் சொன்னது. கவரைப் பிரித்துப் படிக்கவேண்டும் என்றுகூட அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒளித்தால் அம்மாவின் துடைப்பம் கண்டுபிடித்துவிடும். அதனால் சனிக்கிழமை, கடைக்காரரின் கராஜில் தொங்கிய ஓநாய்த் தோலின் உள்துணியில், நெஞ்சுப் பக்கம் தையல் விட்டிருந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளினேன். உலகத்திலேயே பாதுகாப்பான இடம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம் பொறுத்தது அந்தப் பாதுகாப்பு. அடுத்த சனிக்கிழமை மைத்துனர் தும்மியதில் தோல் முதுகுப் பக்கம் கிழிந்தது. கடைக்காரர் அதை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் சுருட்டி, நேராக அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் தையல் மெஷின் இருப்பது ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஓநாய் குப்புறக் கிடந்தது. நான் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைப் பால் வாங்க அப்பாவோடு அனுப்பினாள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. முதுகு மட்டுமல்ல, நெஞ்சுப் பக்கத்து ஓட்டையையும் இரட்டைத் தையல் போட்டு அடைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது கை வைத்து அழுத்தினேன். உள்ளே காகிதம் 'சரக்' என்றது. அப்பாடா! பார்க்காமலே வைத்துத் தைத்துவிட்டாள். என்னைப் போன்ற அறிவாளிக்கு இப்படி ஒரு அப்பாவி அம்மா.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்பாள்.

"ஏங்கண்ணு, எதாச்சும் சொல்லோணுமா?"

"இன்னொரு தோசை."

அடுத்த நாள். "ஏஞ்சாமி, எங்கிட்ட எதாச்சும் சொல்லோணுமா?"

"சட்னியில உப்புக் கம்மிம்மா."

அப்பா தட்டைப் பார்த்தபடி இருமுவார். அம்மா இன்னொரு தோசை வைப்பாள். அந்த வாரத்தில் நான் ஒரு கிலோ ஏறியிருப்பேன்.

ஆகஸ்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகும் வேனில்தான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. வேன் ஓட்டும் அங்கிள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எடிசன் டவுன்ல அந்த ஃபேமிலி இருந்தாங்களே, ஃபுல்லா பேக் பண்ணிட்டுக் கிளம்பிட்டாங்க. இன்டர்வியூ லெட்டர் மிஸ் ஆயிடுச்சாம். டேட்டுக்குப் போகலை, ஃபைலையே க்ளோஸ் பண்ணிட்டாங்க."

"ஐயோ பாவம். பசங்க வேற ஸ்கூல் போயிண்டிருந்துதே."

நான் கடைசி சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன். "அங்கிள், அந்த லெட்டர்ல டேட் இருக்குமா?"

"பின்ன? டேட்டுக்காகத்தானேடா லெட்டரே. உக்காருடா, சீட் பெல்ட் போடு."

"போகலேன்னா திரும்ப அப்ளை பண்ண முடியாதா அங்கிள்?"

"தாராளமா பண்ணலாம். முதல்லேர்ந்து. நீ காலேஜ் முடிக்கறதுக்குள்ள வந்துடும். அதுக்குள்ள உன் முடி தரையைத் தொட்டுடும்!"

வேனே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். நான் அன்று பெருமாள் முன்னால் நின்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த ஜன்னலில் கேட்டாலும் மனு போய்ச் சேர்ந்தால் சரி என்று. அந்தக் கவரில் என்ன தேதி இருக்கும்? போன வாரமோ? நாளையோ? அப்பாவின் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. வேலை போய், ஃபைலும் மூடிவிட்டால் நாங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆறு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆறு நாளும் தோசைதான் உள்ளே போனது. சனிக்கிழமை கவரை எடுத்துவந்து தபால் பெட்டியில் வைத்து, இன்றைக்குத்தான் வந்ததுபோல் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் ஓநாயைக் கொளுத்தும் நாள்.

கடைக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய காலி மனை. நடுவில் ஒரு கம்பம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே தோலுக்குள் பழைய தலையணைகளை அடைத்துக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர் ஒருவர் அணைக்கும் உருளையை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அம்மா, தயிர்சாதக் கூடையோடு.

நான் கட்டிப்பிடித்து அழுது ஒத்திகை பார்ப்பதுபோல் ஓநாய் அருகே போய், நெஞ்சுத் தையலில் விரலை விட்டேன். அசையவில்லை. அம்மாவின் இரட்டைத் தையல். அதைப் பிரிக்க இன்னொரு மெஷின் வேண்டும். கடைக்காரரிடம் ஓடினேன்.

"பத்து நிமிஷம் கழிச்சுக் கொளுத்தலாமா? அரை மணி?"

"வெயில் போய்விடும், நட்சத்திரமே," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "வெயில் போனால் எனக்கு ராத்திரி கிடைக்காது."

என் வேலை எளிது. ஒரு தகரப் பீப்பாய்க்குப் பின்னால் நின்று, ஓநாய் அப்பா எரிவதைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும். நகரக் கூடாது. கேமரா ஓடியது. மைத்துனரின் மனைவி ஊர்மக்கள் சார்பாகப் பந்தத்தை ஓநாயின் காலில் வைத்தாள். மிதியடி ரோமம் எவ்வளவு ஆர்வமாக எரியும் தெரியுமா? முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. நெஞ்சுக்கு இன்னும் ஒரு சாண்தான்.

ஓடினேன். என்ன கத்தினேன் என்று படத்தில் கேட்கிறது: "ஐயோ அப்பா, கிரீன் கார்டு!" நெஞ்சுத் துணியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். சூட்டில் நூல் விட்டுக்கொடுத்தது. காகிதத்தை உருவியெடுப்பதற்குள் தீயணைப்புக்காரர் எழுபது வயதை மறந்து பாய்ந்து வந்து, ஓநாய், நான், கம்பம் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடியை அடித்தார். கடைக்காரர் மட்டும் "நிறுத்தாதே, ஓடட்டும்!" என்று கேமரா பிடித்தவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

ஜல்லியில் மண்டியிட்டு மடிப்பைப் பிரித்தேன். கோழித் தொடை தள்ளுபடி. சலவைத்தூள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். சூப்பர் மார்க்கெட் கூப்பன் தாள்!

கவர் போய்விட்டது. எப்போது, எங்கே விழுந்தது? நான் விட்ட ஊளை, அந்தப் படத்திலேயே ஒரே நிஜமான ஊளை.

அம்மா வந்தாள். முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பொடி பறந்தது. பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, பழுப்புக் கவரை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இதத்தான தேடற?"

தைத்த அன்றே எடுத்துவிட்டாளாம். நான் தொட்டுப் பார்ப்பேன் என்று தெரிந்து, சத்தம் வரட்டும் என்று கூப்பன் தாளை வைத்துத் தைத்தாளாம். நானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ முறை எனக்கு உயிர் திரும்பி வந்திருக்கிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது வந்தது. மகள் நள்ளிரவைத் தாண்டாமல் வீடு திரும்பும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறது. ஆனால் அந்த ஜல்லி மனையில், வாயெல்லாம் பொடியோடு வந்ததுபோல் பிறகு வரவில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா அதற்குள் வேறு கவலைக்குப் போய்விட்டாள். என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் காதுவரை கருகியிருந்தது.

"முருகா, உன்ற முடி!"

பத்து நாள் கழித்து, சுட்டுக்கொண்ட உள்ளங்கையில் துணிக்கட்டும், ஒரு பக்கம் கருகிய தலையுமாக இன்டர்வியூவுக்குப் போனேன். அதிகாரி அப்பாவின் காகிதங்களை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா, ஆறு மாதமாக ஒத்திகை பார்த்த பதில்களையெல்லாம் மறந்துவிட்டு, "சார், இவன் ஓநாய்," என்றார். அதிகாரி, கடிப்பானா என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் கிரீன் கார்டுக்கான முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் அப்பா காரைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பயந்துகொண்டிருந்தவன் நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பழனியில் மொட்டை அடிப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்ததும் கேட்டார். "என்ன தம்பி, ஒரு பக்கம் பொசுங்கியிருக்கு?"

"தீபாவளிப் பட்டாசுங்க," என்றாள் அம்மா. தீபாவளிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. எனக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுக்க இரண்டு வாரம் காத்திருந்தவள், மலையடிவாரத்தில் கூசாமல் பொய் சொன்னாள். நான் காட்டிக் கொடுக்கவில்லை. சந்தனம் குளுகுளுவென்றிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு, ஊர் நூலகத்தின் ஹாலில் படம் போட்டார்கள். நெருப்புக் காட்சியில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. 'ஐயோ அப்பா' என்று நான் கத்தியதை ஏதோ ஓநாய் பாஷை என்று நினைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் ஒரு பெண்மணி என்னருகே வந்து, "அந்தப் பையன் எங்கே, வரவில்லையா?" என்று என்னிடமே கேட்டாள். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன்.

வீடியோ கடை இப்போது நகம் அழகுபடுத்தும் கடை. கேசட் எங்கோ தொலைந்துபோயிற்று. சென்ற மாதம் கடைக்காரரின் மகள் எங்கிருந்தோ ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். அம்மாவும் நானும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. நிலா வந்ததும், "அட, நம்ம தாம்பாளம்," என்றாள். நெருப்புக் காட்சியில் கேமரா என்னைத் துரத்திக்கொண்டு திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், ஓரத்தில், ஒரு நொடி அம்மாவும் தெரிகிறாள். நாற்காலி கவிழ, கூடை உருள, செருப்பில்லாமல் ஓடிவருகிறாள். இதை நான் முன்பு கவனித்ததே இல்லை. எரிந்தால் எரியட்டும், வெறும் கூப்பன்தானே என்று உட்கார்ந்திருந்தவளுக்கு, நான் நெருப்புக்குள் ஓடுவேன் என்று தோன்றவே இல்லை. அந்த ஓட்டத்தில் அது தெரிந்தது.

படத்தை நிறுத்தினேன். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"லெட்டர் எங்கிட்டத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லம்மா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொன்னயா?"